பெய்ட்காஸ்டர் ரீலில் சிக்கு விழாமல் வீசிப் பழக

மீன் பிடிக்கிற தூண்டில் தடியில் (ரொட்டில்) பூட்டுகிற பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கிய முதல் வாரத்திலேயே அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் பழைய ஸ்பின்னிங் ரீலுக்குத் திரும்பியவர்களை எங்கள் மட்டக்களப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். வீசுகிற ஒவ்வொரு முறையும் ஸ்பூலில், அதாவது நூல் சுற்றியிருக்கிற உருளையில், தங்கூசி (நைலோன் நூல்) குருவிக்கூடு மாதிரிச் சுருண்டு எழும்பினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் ஒழுங்காகப் பழகினால் நாலைந்து பின்னேரங்களிலேயே சிக்கு விழுவது நன்றாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு, வாவிக்கரைக் கண்டல் வேரிலிருந்து ஒரு முழம் தள்ளி, செப்பலி மீன் கிடக்கிற நிழலுக்குள் லூரை (செயற்கை இரையை) சத்தமில்லாமல் இறக்கலாம். அதற்காகவே இந்த ரீலைக் கைவிட வேண்டாம் என்று சொல்கிறேன்.

முதலில் சிக்கு ஏன் விழுகிறது என்று விளங்க வேண்டும். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது, நூல் அதன் விளிம்பால் வழுகிப் போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்றுதான் நூலை விடுகிறது. 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்பூல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நூலைத்தான் விடும், ஆகவே லூர் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் பறந்தால் அந்த ஸ்பூல் செக்கனுக்கு 180 தடவைக்கு மேல் சுழல வேண்டும். காற்று லூரை இழுத்துப் பிடிக்கும், அதன் வேகம் குறையும், ஆனால் சுழல ஆரம்பித்த ஸ்பூல் தன் வேகத்தைக் குறைக்காது. லூர் கேட்கிறதைவிட ஸ்பூல் அதிகமாக நூலைக் கொடுத்தால், மிஞ்சின நூல் போக இடமில்லாமல் ஸ்பூலிலேயே சுருளும். அவ்வளவுதான் விஷயம். இனிச் சொல்லப்போகிற எல்லாமே ஸ்பூலை லூரின் வேகத்துக்கு அடக்கி வைக்கிற வேலைதான்.

நூலில் இருந்து தொடங்குங்கள். பழகுகிற காலத்துக்கு 0.30 முதல் 0.35 மில்லிமீற்றர் வரையான சாதாரணத் தங்கூசி போதும். பின்னல் நூலான பிரெய்ட் வேண்டாம், அது சிக்கினால் தனக்குள்ளேயே புதைந்து இறுகும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஸ்பூலை நிரப்பவும் கூடாது. என் முதல் ரீலை வாங்கின கடையில் விளிம்பு வரைக்கும் சுற்றிக் கொடுத்தார்கள், எனக்கும் அப்போது தெரியாது, அப்படியே பாலமீன்மடுவுக்குக் கொண்டுபோய் மூன்றாவது வீச்சிலேயே பாதி நூலை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. வழக்கமாக விளிம்புக்குக் கீழே 3 மில்லிமீற்றர் விடுவார்கள். பழகுகிறவர் இன்னும் கொஞ்சம் குறைவாகவே சுற்றலாம், நூலின் பாரம் குறையக் குறைய ஸ்பூலும் சொல்வழி கேட்கும்.

இன்னொரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் வீசக்கூடிய தூரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, 30 மீற்றர் அளவில், நூலை வெளியே இழுத்துவிட்டு ஸ்பூலில் மிஞ்சிய நூலின் மேல் குறுக்காக ஒரு துண்டு இன்சுலேஷன் ரேப் ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். என்னதான் சிக்கினாலும் அந்த ரேப்புக்குக் கீழே சிக்கு இறங்காது. தண்ணீருக்குப் போகும்போது கழற்ற மறக்காதீர்கள், பெரிய மீன் ஓடினால் அந்த இடத்தில் நூல் நின்றுவிடும்.

அடுத்தது பாரம். லேசான லூர்தான் பழகுகிறவருக்கு எதிரி. 14 முதல் 18 கிராம் வரை எடையுள்ள ஓர் ஈயக்குண்டைக் கட்டுங்கள், தூண்டில் முள் வேண்டாம், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளின் கண்ணுக்கு ஆபத்து.

இப்போது ரீலைத் திருத்துவோம். கைப்பிடிப் பக்கம், நட்சத்திர வடிவத் திருகுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டத் திருகு இருக்கும். அது ஸ்பூலின் அச்சை இறுக்குகிற திருகு. ரொட்டின் நுனியைத் தலையுயரத்தில் பிடித்துக்கொண்டு, ஸ்பூலைச் சுழல விடுகிற பொத்தானை அழுத்திவிட்டால் குண்டு மெதுவாக இறங்கி நிலத்தில் தட்ட வேண்டும், தட்டின அந்தக் கணமே ஸ்பூலும் நிற்க வேண்டும். தட்டின பிறகும் ஸ்பூல் சுழன்றால் இன்னும் இறுக்குங்கள். குண்டின் பாரத்தை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மற்றப் பக்கம் இருப்பது பிரேக். டைவா ரீல்களில் பெரும்பாலும் காந்த பிரேக், வெளியே இருக்கிற வட்டத்தைத் திருப்பினாலே போதும். ஷிமானோவில் பெரும்பாலும் மையவிலக்கு பிரேக், பல மொடல்களில் பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற சின்னக் கட்டைகளை வெளியே தள்ளிவிட வேண்டும். எந்த வகையானாலும் முதல் நாள் பிரேக்கைக் கூடின அளவுக்கே வையுங்கள். தூரம் போகாது, போகத் தேவையும் இல்லை.

சரி, பெருவிரலுக்கு வருவோம். பிரேக்கைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் கடைசிவரை சிக்கு விழுகிறது. வாவியில் வீச்சுவலை போடுகிற ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று நான் சிக்கெடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மனே, வலைய எறிஞ்சாலும் கயிறு என்ட கையிலதானே கிடக்கு, நீ எறிஞ்ச உடனே விட்டிர்ரியே" என்றார். அவர் பெய்ட்காஸ்டரைக் கையால் தொட்டவரும் இல்லை. ஆனால் நான் விட்ட பிழை அதேதான், பொத்தானை அழுத்தி வீசிவிட்டுப் பெருவிரலை முழுதாகத் தூக்கிவிட்டேன்.

விரலைத் தூக்கக் கூடாது. வீசும்போது அழுத்தி வைத்திருக்கிற பெருவிரலை விடுகிற நேரத்தில் லேசாகத் தளர்த்துங்கள், தோல் நூலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஸ்பூல் லூரை முந்தத் தொடங்கினால் நூல் பஞ்சு மாதிரி மேலெழும்பி விரலின் அடியில் மெல்லத் தட்டும். அந்தத் தட்டலைக் கண் பார்க்கும் முன்பே விரல் உணர்ந்துவிடும். அப்போது ஒரு சொட்டு அழுத்தினால் போதும், பஞ்சு அடங்கிவிடும். பிறகு குண்டு நிலத்தில் விழுவதற்கு ஒரு கணம் முன்பே ஸ்பூலை முழுதாக அழுத்தி நிறுத்துங்கள். பிந்தினால் வருகிறதுதான் பெரும்பாலான சிக்கு, விழுந்த பிறகு லூர் நிற்கும், ஸ்பூல் நிற்காது.

பழகுவதற்குப் புல் உள்ள மைதானம் போதும், கடற்கரை மணல் ரீலுக்குள் போகும். குண்டு ரொட் நுனியில் இருந்து ஒரு சாண் தொங்கட்டும். புறங்கை மேலே பார்க்கிறபடி மணிக்கட்டைச் சற்றுத் திருப்பிப் பிடித்து, பக்கவாட்டில், வெட்டி இழுக்காமல், குண்டின் பாரத்தை ரொட் உணர்கிற மாதிரி ஒரே ஓட்டமாக வீசுங்கள். உதறினால் ஸ்பூல் தொடக்கத்திலேயே பாய்ந்துவிடும். 10, 15 மீற்றர் தூரத்தில் ஒரு பழைய ரயரைப் போட்டுவிட்டு அதற்குள் விழுத்தப் பாருங்கள். தொடர்ந்து இருபது வீச்சுச் சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு எண் குறையுங்கள். அப்புறம் இன்னும் ஒன்று. அச்சுத் திருகையும் மெல்ல மெல்லத் தளர்த்தலாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் கல்லடிப் பக்கக் கரையில் நின்று வாவிக்குள் வீசினால் காற்று முகத்துக்கு நேரே வரும், பழகினவருக்கே சிக்கு விழும். அதே காற்று கடற்கரையில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்க்காற்றில் வீசித்தான் ஆகவேண்டும் என்றால் பிரேக்கை இரண்டு மூன்று எண் கூட்டி, லூரைத் தாழ்வாக விடுங்கள்.

சிக்கு விழுந்துவிட்டால் கையை வைத்து இழுக்க வேண்டாம். கைப்பிடியை ஒரு தடவை சுற்றி ஸ்பூலைப் பூட்டுங்கள், பெருவிரலால் சிக்கின் மேல் பலமாக அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள், பிறகு பொத்தானை அழுத்தி நூலை மெதுவாக வெளியே இழுங்கள். வந்து நிற்கிற இடத்தில் திரும்பவும் அதேபோல் செய்யுங்கள். பல சிக்குகள் இப்படியே கழன்றுவிடும். மடிந்து வெள்ளை அடையாளம் விழுந்த இடம் நூலில் இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள், கொடுவா இழுக்கும்போது அங்கேதான் அறும்.

தங்கூசியில் கை பழகின பிறகு பிரெய்ட்டுக்குப் போகலாம், அம்பாறைப் பக்கத்துக் குளங்களில் தாமரைக்குள் விரால் பிடிக்க அதுதான் வேண்டும். அடியில் சில மீற்றர் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்ட்டைச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஸ்பூலில் அது முழுதாக வழுகிச் சுழலும். வாவியில் பாவித்துவிட்டு வந்த அன்றிரவே ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், உப்பு ஏறின பெயாரிங் ஸ்பூலை ஒருநாள் ஒரு மாதிரிச் சுழற்றும், விரலுக்குப் பழக்கமான வேகம் மாறிவிடும். காய்ந்த பிறகு பெயாரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டைகள் உரசுகிற வளையத்தில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.