வீடியோ கேமில் இருட்டு கண்ணை மறைக்கிறதா?

கோத்தகிரியில் பனிமூட்டம் இறங்கிய மாலையில் சில அடிகளுக்கு அப்பால் நிற்பவர் யாரென்று தெரியாது. ஒளியை மெய்யாகவே கணக்கிடும் இன்றைய வீடியோ கேம்கள் பலவற்றிலும் இதே நிலைதான். 2018-இல் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகள் (கணினித் திரையில் படத்தை உருவாக்கும் பாகங்கள்) வந்தபின் பரவிய ரே டிரேசிங் என்னும் நுட்பம், ஒளி பட்டுத் தெறிக்கும் வழியைப் பின்தொடர்வதால், விளக்கில்லாத மூலை உண்மையாகவே இருண்டுவிடுகிறது. முன்பு வடிவமைப்பாளர்கள், எங்கிருந்து வருகிறதென்ற கேள்விக்கே இடமின்றி, வேண்டிய இடத்தில் வெளிச்சத்தை வைத்துக் கதாபாத்திரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டினர்.

ஆகவே செட்டிங்ஸில் ஃபிலிம் கிரெயின் (படத்தில் தூவிய புள்ளிகள்), குரோமாட்டிக் அபெரேஷன் (விளிம்புகளில் நிறம் பிரிதல்), மோஷன் பிளர் (அசைவில் மங்கல்) ஆகியவற்றை முதலில் அணைத்துவிடுங்கள். இவை கேமராவின் இயல்புகளைப் போலச் செய்பவையே அன்றி, ஒளியமைப்பைச் சேர்ந்தவை அல்ல. (இவற்றை அணைத்த நிலையிலேயே கேம்களை விற்கலாம் என்பது என் எண்ணம்.) அடுத்து வால்யூமெட்ரிக் ஃபாக்கை (காற்றில் ஒளி பரவும் மூடுபனித் தோற்றத்தை) ஒரு படி குறைத்தால், தொலைவு தெளிவதோடு கிராஃபிக்ஸ் கார்டின் சுமையும் குறையும். நிழல்களை மட்டும் முற்றிலும் நீக்க வேண்டாம். சுவருக்குப் பின் பதுங்கியவரைச் சில வேளை காட்டிக்கொடுப்பது அவருடைய நிழலே. காமா அளவை (இருண்ட பகுதிகள் திரையில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை), நீங்கள் வழக்கமாக விளையாடும் நேரத்து அறை வெளிச்சத்திலேயே சரிசெய்யுங்கள்: ஜன்னலுக்கு வெளியே மூடுபனி வெள்ளையாய்ப் பளிச்சிடும் பகலில் உயர்த்தி வைத்த அளவு, இரவில் கருமையை வெளிறிய சாம்பல் நிறமாக்கிவிடும்.