கோத்தகிரியிலிருந்து இலங்கைக்கு: இளைஞர் குழுவின் முதல் நாட்களை எப்படி வைத்துக்கொள்வது

கோத்தகிரிப் பக்கத்து டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தும் குன்னூரில் இருந்தும் பதினாலு பேர் இலங்கைக்குப் பத்து நாள் போய்வந்தோம். பன்னிரண்டு பேர் பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வயசுக்குள், கூட நானும் ஒரு அக்காவும். இப்போது கூடலூரிலும் பந்தலூரிலும் இரண்டு குழுக்கள் கிளம்பப் பார்க்கிறார்கள், போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றி எழுதப்போவதில்லை, அது எங்கேயும் கிடைக்கும். இறங்கிய முதல் மூன்று நாள் நான்கு நாளை எப்படிக் கடத்துவது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் அவசரப்பட்டோம்.

அவசரம் ஏன் வருகிறது என்று நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள், அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசே தேயிலை போட ஆரம்பித்தது, தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்த கதையைக் கேட்டுத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். ஆகவே கொழும்பில் கால் வைத்த நிமிடமே தாத்தா பிறந்த லயத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் துடிக்கும். அந்தத் துடிப்பை இரண்டு நாள் கட்டிப் போடுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

சரி, கிளம்பும் முன்னால் செய்யவேண்டியது. பாஸ்போர்ட் வந்த கையோடு வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவார்கள், ஆட்களை மேய்த்த கங்காணியின் பெயர், எந்தச் சாமி கோயில், எந்த வருடம் கப்பல் ஏறினார்கள், பின்னால் தங்கிவிட்ட சொந்தக்காரர் யார், இதையெல்லாம் கேளுங்கள். எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. அங்கே பல தோட்டங்களுக்குப் பலகையிலும் மேப்பிலும் ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கும், தோட்டத்து ஜனங்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். பாட்டி சொன்ன பெயரை கூகுளில் போட்டுத் தேடித் தேடி எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அங்கே தேயிலை மலைப்பக்கம் இருக்கும் ஹட்டன் டவுனில் வயசான ஒரு ஆட்டோக்காரரிடம் ஒரு பாப்பா தன் பாட்டியின் குரலைப் போட்டுக் காட்டினாள், அவர் போனை வாங்கிக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அது மேல்பிரிவு, ரோடு பாதிதான் போகும்" என்றார். வீட்டில், இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த பழைய குடும்ப அட்டை இருந்தால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட், விசா விஷயத்தில் நம்ம ஊர் இனிஷியல்தான் வில்லங்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், டிக்கெட்டில் ஒரே ஒரு எழுத்து இருக்கும். எங்கள் தம்பி ஒருவனுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் அப்படித்தான் போட்டிருந்தார், திருத்துவதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, இன்னொருவர் டிக்கெட்டையும் விசா அனுமதியையும் சரிபார்க்க, பதினாலு பேருக்கும் ஒரே உட்காரலில் முடியுங்கள். விசா அனுமதியை இலங்கை அரசின் தளத்திலேயே எடுங்கள், விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். காலண்டரில் போயா எந்த நாள் என்றும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு விடுமுறை, பஸ்ஸும் ரயிலும் பிதுங்கும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஹட்டன் பக்கம் கூட்டம் அதற்கேற்ற மாதிரி.

குழுவை நாலு நாலு பேராகப் பிரித்துவிடுங்கள். உயிர் நண்பர்களை ஒரே நாலில் போடாதீர்கள், முகம் வாடினாலும் பரவாயில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், வண்டியில் ஏறியதும் இறங்கியதும் ஒன்றிலிருந்து பதினாலு வரை சத்தமாகச் சொல்லவேண்டும். முதல் நாள் இதைக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே செய்தார்கள். கொழும்பு புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் "ஒன்பது" வரவில்லை. அந்தத் தம்பி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவன், அவன் போனில் இன்னும் உள்ளூர் சிம் போடவில்லை, அந்த நெரிசலில் இருபது நிமிடம் எங்களுக்கு உயிரே போய்விட்டது. பிரிந்தால் கடைசியாக எல்லாரும் சேர்ந்து நின்ற இடத்துக்கே திரும்பிவந்து அசையாமல் நிற்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள், அவன் நல்லவேளையாக அப்படித்தான் செய்தான். சிம்மை விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம், நாலு பேருக்கு ஒன்றாவது. ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் ஒரு அட்டை: தங்குமிட முகவரி, பொறுப்பாளர் இருவர் எண், போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990.

இப்போது முதல் நாள். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி இரவெல்லாம் பேசிக்கொண்டே வருவார்கள், காலையில் சென்னை, அப்புறம் விமானம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும்போது எல்லாரும் முப்பது மணி நேரம் தூங்காதவர்கள். அதோடு வெயில். வீட்டில் ஃபேன் இல்லாமலே வளர்ந்த மலைப் பிள்ளைகளுக்கு அந்தக் கடற்கரைப் புழுக்கம் தலையைச் சுற்றவைக்கும், எங்களில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்குங்கள், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாக்கெட் கைப்பையில் இருக்கட்டும். நாங்கள் அப்படியே கொழும்புக்குள் போனோம், முன்பணம் கட்டியிருந்த விடுதியில் எங்கள் அறைகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்றோம். நீங்கள் நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், கடல் இருக்கிறது, காற்று வரும். இரண்டு ராத்திரி அங்கேயே. கிளம்புவதற்கு முந்தின நாள் விடுதிக்குப் போன் செய்து அறை உறுதியா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த நடு நாளை வீண் என்று நினைக்காதீர்கள். தூங்கட்டும், கடலில் கால் நனைக்கட்டும், காசைப் பழகட்டும். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், அதனால் விலையைக் கேட்டதும் திகைக்காமல் மூன்றால் வகுத்துப் பார்க்கப் பழகவேண்டும். 2024-லிருந்து யூபிஐ சில கடைகளில் வேலை செய்கிறது, தோட்டத்துப் பக்கம் அதை நம்பிப் போகாதீர்கள். பொதுப்பணத்தை மூன்று பேரிடம் பிரித்து வைத்து, கணக்கை ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். காசு விஷயம் திறந்து கிடந்தால் பாதிச் சண்டை வராது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். சின்னக் கடைகளில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், பாட்டீஸ், வடை எல்லாம் அடுக்கிய தட்டை நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள். எத்தனை எடுத்தோமோ அதற்கு மட்டும்தான் காசு. இது தெரியாமல் எங்கள் ஆட்கள் தட்டைத் தொடவே பயந்தார்கள். இன்னொன்று, சைவம் சாப்பிடுகிறவர்கள் தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது கருவாடு, தூளாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பிரெட்டுக்குப் பாண், பால் இல்லாத டீக்குப் பிளேன்டீ. சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன், "மல்லி" என்றால் தம்பி, "நங்கி" தங்கை. எங்கள் பையன்களை எல்லாரும் மல்லி மல்லி என்று கூப்பிட்டார்கள், முதல் நாள் மாலைக்குள் இவர்களும் கடைக்காரரைத் தெரிந்தே அய்யா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் ராத்திரிதான் கவனிக்கவேண்டிய ராத்திரி. முதல் நாள் உற்சாகம் இறங்கியிருக்கும், தூக்கம் பாக்கி, வீட்டு ஞாபகம் வரும். எங்களுக்கு அன்றைக்குத்தான் சார்ஜருக்காகச் சண்டை வந்தது. மேலே பார்த்தால் சார்ஜர், உள்ளே வேறு: குன்னூர் பிள்ளைகள் தனியாகச் சிரித்துக்கொள்கிறார்கள், லயன் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள் என்ற மனத்தாங்கல். அதுவரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத ஒரு பாப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை அந்த அக்கா தற்செயலாகத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம் வட்டமாக உட்கார்ந்தோம். போன் எல்லாம் நடுவில் குவியலாக. இன்றைக்கு எது பிடித்தது, எது கஷ்டமாக இருந்தது, ஒவ்வொருவரும் சொல்லவேண்டும், ஒருவர் பேசும்போது யாரும் பதில் சொல்லக்கூடாது, பொறுப்பாளர்களும்தான். இதை நீங்கள் முதல் ராத்திரியே தொடங்குங்கள். வீட்டுக்கு எல்லாரும் தனித்தனியாகப் பேசுவதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள், நேரம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், எட்டு மணி என்றால் அங்கேயும் எட்டு.

மூன்றாம் நாள் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் பதுளை போகும் ரயில். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நம்ம மலை ரயில் மாதிரியே நிறுத்திவிடுவார்கள், ஓடுகிறதா என்று முந்தின நாள் கேளுங்கள். முன்பதிவு இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊரிலிருந்தே பாருங்கள். வாசலில் தொங்கிப் போட்டோ எடுப்பதை அனுமதிக்கவே வேண்டாம். நம்ம ரயில் பல் சக்கரத்தில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போகிறது, அதில் எட்டிப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அங்கேயும் அப்படியே செய்வார்கள், ஆனால் அது அகலப்பாதை, வேகம் வேறு, பாறையும் சுரங்கமும் உரசிக்கொண்டு வரும். நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் ஏறி, இரண்டு பக்கமும் தேயிலைக் கொழுந்து தெரிய ஆரம்பித்ததும் எங்கள் பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. "நம்ம கோத்தகிரிப் பக்கத்துக் கட்டபெட்டு மாதிரியே இருக்கு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ஹட்டனில் இறங்கிய அன்று தோட்டத்துக்குப் போகாதீர்கள், மறுநாள் போங்கள். கொழுந்தை எடை போட்டு முடித்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம். பகலில் போனால் வேலைக்கு இடைஞ்சல், அவர்களுக்குச் சம்பளம் எடையைப் பொறுத்தும் இருக்கும். பதினாலு பேரும் ஒரே லயத்துக்குள் நுழையவேண்டாம், சம்பந்தப்பட்ட நாலு பேர் போகட்டும், மற்றவர்கள் கோயில் பக்கம் இருக்கட்டும். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். லயத்தின் நிலையைப் பார்த்து அவர்கள் முன்னாலேயே நம்ம ஊரோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், அது அவர்கள் வீடு. கையில் ஏதாவது கொண்டுபோகவேண்டும் என்றால் நம்ம ஊட்டி வர்க்கி நல்லது, பிஸ்கட் டின்னில் அடைத்தால் பாதியாவது உடையாமல் போகும். எங்களுடையது தூளாகித்தான் போயிற்று, அந்தத் தோட்டத்து அம்மா அதை ஒரு கிண்ணத்தில் கொட்டி ஸ்பூன் போட்டு எல்லாருக்கும் பிளேன்டீயோடு கொடுத்தார்.

கிளம்பும்போது ஒரு தாளில் தாத்தா பாட்டி பெயர், கங்காணி பெயர், கப்பல் ஏறிய வருடம், உங்கள் வாட்ஸ்அப் எண் இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி அந்த லயத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள், கோயில் பூசாரியிடமும் ஒன்று. நீங்கள் போன அன்று விவரம் தெரிந்தவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம். பாட்டி குரலைப் போட்டுக் காட்டிய எங்கள் பாப்பாவுக்கு ஊர் திரும்பி ஆறாவது நாள் போன் வந்தது.