ஸ்டூல் வந்துருச்சு, ஆனா யாரும் உக்காரல

நான் ஒரு ஜவுளிக்கடைல ரெண்டாவது மாடி சூப்பர்வைசர். 2021ல தமிழ்நாட்டுல கடைகள் சட்டத்த திருத்தி, வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் கட்டாயம்னு கொண்டு வந்தாங்கல்ல, அதுக்கப்புறம் எங்க மாடிலயும் ஸ்டூல் போட்டாங்க, ஆனா ஒரு மாசமா அதுல சேலை அட்டைப்பெட்டிதான் உக்காந்திருந்துச்சு. கேட்டா "நீங்க நிக்கிறப்ப நாங்க எப்படிண்ணே"ங்கிறாங்க.

அடச்சே, பிரச்சனையே நான்தான்!

மறுநாள்லருந்து கூட்டம் இல்லாதப்ப நானே முதல்ல உக்காந்தேன், அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி 10 நிமிஷம்னு பழக்கிவிட்டேன், சாயங்காலம் கால் வீங்குதுங்கிற பேச்சு குறைஞ்சிருச்சு. பாத்ரூம் போக என்கிட்ட கேக்கணுமேன்னே தண்ணி குடிக்காம இருந்திருக்காங்க, பக்கத்துல சொல்லிட்டு போனா போதும்னுட்டேன்.

காலைல கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி பட்டு செக்‌ஷன் அக்கா தினம் ஒரு சேலைய விரிச்சு வச்சு பாடம் எடுக்கும். கோர்வைன்னா மூணு நாடா, அதாவது தறில குறுக்கு நூல ஓட்டுற கட்டை, போட்டு சேலையோட உடம்பையும் பார்டரையும் கோத்து நெய்யிறதுன்னு எனக்கே அப்பதான் தெரியும். நைட்டி செக்‌ஷன் பொண்ணு ஒன்னு அதக் கேட்டு கேட்டே தீபாவளிக்கு பட்டு கவுண்டருக்கு மாறிருச்சு. ஸ்டூல பாத்தா முதலாளி இன்னும் முகத்த சுளிக்கிறாரு, சேல்ஸ் குறையாததால பேசாம இருக்காரு.