ஆயில் சீல் புதுசு, ஒழுகல் மட்டும் பழசு: ஷாஃப்டில் விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யும் முறை

பங்குனியில் மல்லாட்டை (நிலக்கடலை) வரத்து தொடங்கியதும், கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்) இருக்கும் எங்கள் பட்டறைக்குச் செக்கு மெஷின் கியர்பாக்ஸ்கள் வர ஆரம்பித்துவிடும். சுழலும் தண்டான ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். இந்த முறை குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு தம்பி குட்டி யானையில் ஏற்றி வந்தார். "அண்ணே, மூணு சீல் மாத்திட்டேன். நாலு நாள் தாங்குது, திரும்ப ஒழுகுது." சீலைக் கழற்றி, ஷாஃப்டைத் துடைத்து, அவர் நகத்தையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். நகம் டக்கென்று மாட்டியது. எத்தனை சீல் மாற்றினாலும் அந்தப் பள்ளம் அங்கேயேதான் இருக்கும்.

ரப்பர் எப்படி இரும்பைத் தின்னும் என்று கேட்பார்கள். தின்பது ரப்பர் இல்லை. தூசியும், எண்ணெயில் மிதக்கும் இரும்புப் பொடியும், ஷாஃப்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சீல் உதட்டில் பதிந்துகொள்கின்றன. அப்புறம் அந்த உதடே சாணைக்கல் மாதிரி ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தேய்க்கிறது. நம்ம ஊர் உப்புக் காற்றில் மெஷின் நாலு மாதம் சும்மா நின்றால் ஷாஃப்டில் துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துருவும் சேர்ந்து அறுக்கும்.

முதலில் ஷாஃப்ட்தான் காரணமா என்று பாருங்கள்

மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். எண்ணெயை வடிப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். அதிகம் ஊற்றியிருந்தாலும் ஒழுகும். அடுத்து மேலே இருக்கும் பிரீதர், அதாவது காற்றுப் போகும் துளை. அது புண்ணாக்குத் தூளில் அடைத்திருந்தால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். பிறகு ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் ஷாஃப்டில் எதைச் செய்தாலும் வீண்.

பழைய சீலைக் கழற்றுவது

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது ஷாஃப்டின் மேல் ஒரு மெல்லிய தகடு வையுங்கள். இங்கே விழும் ஒரு கீறலும் நாளைக்கு ஒரு ஒழுகல். பழைய சீலைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் முகத்தில் 35-52-7 என்பதுபோல் எழுதியிருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளிவிட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டரில்.

நகமும் மைக்ரோமீட்டரும்

ஷாஃப்டைத் தின்னரில் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சீல் உட்கார்ந்த இடத்தில் நூல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். நகத்தை நீளவாக்கில் இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ஷாஃப்ட் நல்லது, சீல் மட்டும் போதும். மாட்டினால் தொடர்ந்து படியுங்கள்.

இந்த இடத்தில் எமரி பேப்பரை எடுத்து நீளவாக்கில் தேய்க்காதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு செக்கில் அப்படித்தான் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்றாம் நாள், அந்த மெல்லிய கோடுகள் வழியே கியர் ஆயில் கசிந்து புண்ணாக்கில் இறங்கிவிட்டது. மாட்டுக்குப் போக வேண்டிய புண்ணாக்கு அரை மூட்டையைக் குப்பையில் கொட்டினோம். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பள்ளம் லேசாக இருந்தால்

சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். சீல் உட்காரும் ஹவுசிங்கில் இடமிருந்தால் சீலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையம் போடலாம். அது எண்ணெய் திரும்பும் துளையை அடைக்கக் கூடாது. உதடு பள்ளத்தை விட்டு விலகி நல்ல இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். காசு செலவில்லாத வழி. இடமிருந்தால் நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

நகம் நன்றாக மாட்டினால்: ஸ்லீவ்

பள்ளத்தின் மேல் அடித்து ஏற்றும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை இது. சுவர் கனம் சுமார் 0.28 மி.மீ. என்பதால் பழைய அளவு சீலையே போடலாம்.

தேயாத பகுதியில் மூன்று இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து சராசரி எடுங்கள். ஷாஃப்டில் 35 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஷாஃப்ட் எவ்வளவு குறையலாம் என்று சொல்லும் பொதுவான எச்11 அளவுப்படி அது 34.84 வரை இருக்கலாம். ஸ்லீவ் டப்பாவில் போட்டிருக்கும் குறைந்த, கூடிய விட்டத்துக்குள் உங்கள் அளவு வர வேண்டும்.

பிசிறுகளை நைசான அரத்தால் நீக்குங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால், உலோகத் தூள் கலந்த எபாக்ஸியை அதில் நிரப்பி, இறுகுவதற்கு முன்பே ஸ்லீவை ஏற்றுங்கள். விளிம்பு உள்ள பக்கம் முதலில் போக வேண்டும். கூடவே வரும் கிண்ணத்தை மேலே கவிழ்த்து, நடுவில் மெதுவாகத் தட்டுங்கள். ஷாஃப்ட் நீளமாக இருந்து கிண்ணம் எட்டாவிட்டால், முகம் நேராக வெட்டிய பைப்பைப் பயன்படுத்தலாம். சுத்தியலால் நேரடியாக ஒரு தட்டு கூடாது. சூடாக்கியும் ஏற்றக் கூடாது. விரிந்த ஸ்லீவ் திரும்பச் சுருங்கிப் பிடிக்காது. வெளியே பிதுங்கிய எபாக்ஸியை உடனே துடைத்துவிடுங்கள்.

விளிம்பு எதிலும் இடிக்காவிட்டால் அப்படியே விடலாம். இடிக்கும் என்றால், ஏற்றுவதற்கு முன்பே சைடு கட்டரால் ஒரு வெட்டு வைத்துக்கொண்டு, ஏற்றிய பிறகு நோஸ் பிளையரால் உரித்தெடுங்கள்.

பள்ளத்தை ஸ்லீவால் மூட முடியாத அளவுக்கு ஷாஃப்ட் போயிருந்தால், அது லேத் பட்டறை வேலை. மெட்டல் ஸ்ப்ரே செய்து (உருக்கிய உலோகத்தைத் தெளித்து) கிரைண்டிங் பிடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங் ஏற்றினால் சூட்டில் ஷாஃப்ட் வளைய வாய்ப்புண்டு என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கடைசியில் வழவழப்பு 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள் இருக்கட்டும். கல்லை நீளவாக்கில் நகர்த்தாமல் முடிக்கச் சொல்லுங்கள், ஸ்க்ரூ மரை மாதிரிக் கோடு விழக் கூடாது.

புது சீல்

ஷாஃப்டில் சாவி உட்காரும் வெட்டான கீவேயின் கூர்மையான ஓரத்தில் டேப் சுற்றுங்கள், உதடு கிழியாமல் வழுக்கிக்கொண்டு போகும். உதட்டில் எண்ணெய் தடவுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். வெளிவிட்டத்துக்கு ஏற்ற பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். பிறகு டேப்பை எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் ஊற்றி, கீழே ஒரு தினத்தந்தித் தாளை விரித்து, மல்லாட்டை போடாமல் கால் மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு லோடு கொடுத்து, கியர்பாக்ஸ் சூடேறிய பின் மறுபடி தாளைப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால், ஸ்லீவ் போட்ட தேதியையும் சீல் அளவையும் கியர்பாக்ஸின் மேல் பெயின்டால் எழுதிவிடுங்கள். அடுத்து திறப்பவர் உள்ளே ஸ்லீவ் இருப்பது தெரியாமல் நெம்பிவிடக் கூடாது.