முதலில் ஒரு நோட்டு, கடைசியில் மாத்திரை

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே போய்வருகிறவர்கள் மருந்து வாங்கும் கடையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். நீண்ட நாள் நோயின்றி வாழ எந்தச் சத்து மாத்திரை நல்லது என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். சென்ற ஆவணியில் ஒரு பெரியவர் அந்தக் கவரை அப்படியே கண்ணாடிமேசைமேல் கவிழ்த்தார். சுகருக்கும் பிரஷருக்கும் உரிய அட்டைகள் நான்கு விழுந்தன. நாகர்கோவிலில் எழுதித் தந்த கால்சியம் மாத்திரை ஒன்று, திருவனந்தபுரத்தில் எலும்பு மருத்துவர் எழுதிய அதே கால்சியம் வேறு பெயரில் இன்னொன்று, வளைகுடாவிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய மல்டிவைட்டமின் டப்பா ஒன்று. மூன்றிலும் வைட்டமின் டி இருந்தது. போதாக்குறைக்கு வாரம் ஒன்றாகக் குடிக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியும் இருந்தது. "எல்லாம் சத்துதானே தம்பி, கூடினால் என்ன?" என்று கேட்டார்.

எல்லைப்புறத்தில் வாழ்வதன் வசதியே நமக்குச் சிக்கலாகவும் இருக்கிறது. காய்ச்சலுக்கு உள்ளூர், பெரிய நோய்க்குத் திருவனந்தபுரம், மூட்டுவலிக்கு ஆயுர்வேத வைத்தியசாலை என்று போகிறோம். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் வாங்க வேண்டியது 100 பக்க நோட்டு ஒன்று. அதன் முதல் பக்கத்தில் இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கஷாயம், லேகியம், சத்துப்பொடி உட்பட, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரோடும் அளவோடும் எழுதுங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயரை மட்டும் எழுதினால் ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.

இரண்டாவது பக்கம் அளவுகளுக்கு உரியது. 30 வயதைக் கடந்த எவரும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கையும் அறிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.லி. ரத்தத்தில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றாலும் நீரிழிவு என்று கொள்வார்கள். அறிகுறி ஏதுமில்லாதவருக்கு இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்வார்கள். ஹெச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருப்பவர்தான் உண்மையில் மிகவும் கவனிக்க வேண்டியவர், ஏனெனில் நீரிழிவைத் தடுக்க அவருக்கு இன்னும் வழி திறந்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டக்கூடாது.

ரத்த அழுத்தத்தைப் பலரும் தவறாகவே பார்க்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு சாயா குடித்துவிட்டு, நேராக வந்து கையை நீட்டுகிறவருக்கு மேல் அளவு 150 காட்டினால் அது அவருடைய அழுத்தம் ஆகாது. அரை மணி நேரத்துக்கு முன்பே சாயாவையும் பீடியையும் நிறுத்தி, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரியை எழுத வேண்டும். பல நாள் பார்த்தும் 140/90க்கு மேலேயே நின்றால் மருத்துவரைக் காணுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதுதான் அரிதாக இருக்கிறது.

இனி சாப்பாடு. நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை அதிகம் இல்லை; அளவிலும் சேர்மானத்திலும்தான் பிழை செய்கிறோம். மரச்சீனிக்கிழங்கு திருவிதாங்கூர் காலத்தில் அரிசிப் பஞ்சத்தைத் தாங்கிய உணவு. ஆனால் அது முழுக்க மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் பழக்கம் கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சைக் குறைக்கிறது, அதை விடாதீர்கள். கிழங்கோடு சாளை மீன் கறி வைத்துச் சாப்பிட்ட முன்னோர் கணக்குத் தெரிந்தவர்கள்: சாளையில் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டியும் உண்டு, முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும். கெடுத்தது நாம்தான், கிழங்கை மலைபோல் குவித்து, மீனைக் கறியில் போடாமல் எண்ணெயில் மொரமொரவென்று பொரித்தெடுக்கிறோம். தட்டில் பாதி தோரன், அவியல், கீரை போன்ற காய்கறி, கால்பங்கு மீன் அல்லது பயறு அல்லது முட்டை, மீதிக் கால்பங்கு சோறு அல்லது கிழங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறும் கிழங்கும் சேர்ந்து ஒரே தட்டில் வேண்டாம். சம்பா அரிசி சிவப்பாக இருப்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது சரியில்லை. கஞ்சி குடிப்பவர் சிறுபயறைத் தொட்டுக்கொள்ளும் துவையலைப் போல இல்லாமல் கஞ்சிக்குச் சமமாக வைத்தால் நல்லது.

இதனால் எவ்வளவு பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்கே வந்தது. தினம் அரை மணி நேர வேகநடையும், மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்த உணவும்தான் அந்த மாற்றம். அதிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு நடை தானாகவே அமைகிறது. கடையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அறுபதைக் கடந்தவர்கள் கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்யட்டும். வயதானவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள ஒரு காரணம் தொடைத் தசையின் தேய்வு.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசினால் இங்கே சண்டை வரும். துருவிய தேங்காயை அளவாகக் கறிக்கு அரைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எண்ணெய் வேறு, அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைகொழுப்பு. 2020இல் வெளியான பல ஆய்வுகளின் தொகுப்பு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொழுப்பை 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 10 மி.கி. கூட்டுவதாகக் காட்டியது. தாளிக்க ஒரு கரண்டி போதும், பொரிக்க வேண்டாம் என்பதே என் முடிவு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றும் ஒரே நாளில் தட்டுக்கு வந்தால் அந்தக் கணக்கு மதியமே முடிந்துவிடும்.

கடைசியாகச் சத்து மாத்திரை. அமெரிக்காவில் 25,871 பேருக்கு ஐந்தாண்டுகளுக்கு மேலாக வைட்டமின் டியும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், புற்றுநோயோ மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் கூட்டுக்கணக்கோ குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினைக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது. அந்த முடிவு வந்த ஆண்டு 1994. ஆகவே குறைபாடு உள்ளவருக்கே மாத்திரை பயன்படும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாக உட்கொள்பவர், வயிற்று அமிலத்துக்கு நாள்தோறும் மாத்திரை போடுபவர், மீனும் முட்டையும் தொடாத முழுச் சைவர் ஆகியோர் வைட்டமின் பி12 அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கட்டாயம். வைட்டமின் டி பொடியை வாரம் ஒன்றாக எட்டு வாரம் என்று எழுதியிருந்தால் எட்டாவது பொடியோடு நிறுத்துங்கள். என் பெரியம்மா அதைச் சத்துப்பொடி என்று நினைத்துத் தினம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மனக்குழப்பமுமாகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொடியை வாங்கிக் கொடுத்தவன் நான். எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லாமல் கொடுத்தேன்.

இயற்கையானது என்பதால் எதுவும் தீங்கற்றதாகிவிடாது. மலையாளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று நம்பிக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். காயிலுள்ள ஆக்சாலிக் அமிலமே காரணம். மீன்கறியில் இரண்டு காய் போடுவதையும் தம்ளர் நிறையச் சாறு குடிப்பதையும் ஒன்றாகக் கருதாதீர்கள்.

தடுப்பூசிகளில் ஆண்டுக்கொருமுறை இன்ஃபுளுயன்சாவும், வயதானோருக்கும் நீரிழிவுள்ளோருக்கும் நிமோனியாவும் முக்கியமானவை. பெண்கள் 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே அதற்கு வசதி உண்டு. பீடியையும் சிகரெட்டையும் 40 வயதில் நிறுத்துகிறவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை மீட்கிறார் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பதாண்டு பின்தொடர்ந்த ஆய்வின் கணக்கு. அறுபதில் நிறுத்தினாலும் ஏறத்தாழ மூன்றாண்டை மீட்கலாம்.

முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு, போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1996இல் தொடங்கி, அம்மாவட்டத்தின் 13 பகுதிகளில் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறந்து பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதம் ஒருமுறை காலை வெளிச்சத்தில் கண்ணாடிமுன் நின்று, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, இரு கன்னங்களையும் விரலால் இழுத்து உட்புறம் பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியையும், பக்கங்களுக்கு நீட்டி ஓரங்களையும் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், பார்த்த தேதியை நோட்டில் எழுதிக்கொண்டு அந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள்.