சிங்கிள் ஃபேஸ் வீட்டில் த்ரீ ஃபேஸ் மர மெஷின்

2 எச்.பி. வரையிலான இழைப்பு மெஷின், பேண்ட் சா என்றால் த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு அலைய வேண்டாம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகத் தரும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போதும். வாங்கும் முன், மெயினை அணைத்துவிட்டு மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். 415 வோல்ட் ஸ்டார் மோட்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனைகள் ஒன்றாகச் சேர்ந்த இணைப்பு) சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு வரிசை மூன்றையும் சேர்த்திருக்கும் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, எதிரெதிர் முனைகளை இணைக்கும்படி நேராகப் போட்டால் டெல்டா, அதாவது சுருள்கள் முக்கோணமாக இணைந்துவிடும். இப்படி மாற்றாமல் ஸ்டாரிலேயே விட்டுவிட்டால் மோட்டார் சும்மா சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும். மரம் பட்டதும் திணறி நிற்கும். டெல்டாவில் கரண்ட், ஸ்டாருக்கான அளவைப்போல 1.73 மடங்கு. மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஸ்டாருக்கு 3.5 ஆம்பியர் என்றால் வி.எஃப்.டி.யில் 6 என்று பதியுங்கள். 3 எச்.பி. முதல் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டா என்பதால் இந்த வழி அங்கே செல்லாது.

பழைய ஸ்டார்ட்டரை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே விடாதீர்கள். ஓட்டத்தில் அது துண்டித்தால் வி.எஃப்.டி.யே போய்விடலாம். ஸ்டார்ட் பட்டனின் வயரை வி.எஃப்.டி.யின் கண்ட்ரோல் டெர்மினலுக்கு இழுங்கள். பேண்ட் சா சக்கரம் கனம். வேகமெடுக்க 8-10 நொடி கொடுக்காவிட்டால் வி.எஃப்.டி. ஓவர்கரண்டில் ட்ரிப் ஆகும். மெயினை அணைத்த பிறகும் வி.எஃப்.டி.யின் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும், 10 நிமிடம் கழித்தே மூடியில் கை வைக்கவும்.