கெட்டியான பூசணி மசாலா மில்க் ஷேக் செய்முறை

இலையுதிர் காலச் சுவை என்றால் மஞ்சள் பூசணியும், அதனுடன் சேரும் இலவங்கப்பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவையும்தான். இவற்றைப் பாலிலும் ஐஸ்கிரீமிலும் அப்படியே போட்டு அடிப்பவர்கள் பலர். ஆனால் பச்சைப் பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே இருப்பதாலும், மசாலாத் தூள்கள் குளிர்ந்த பாலில் கரையாமல் திட்டுத்திட்டாக மிதப்பதாலும், அவ்வாறு செய்த பானம் நீர்த்தும் நெருடலாகவும் இருக்கும். எனவே பாதி வேலை அடுப்பில்தான்.

இருவருக்குத் தோலும் விதையும் நீக்கிய பூசணி 300 கிராம் போதும். ஹாலோவீன் பண்டிகைக்கு விளக்காகச் செதுக்குவதற்கென வளர்க்கப்படும் பெரிய பூசணிகளில் நாரும் நீரும் மிகுதி என்பதால், சிறியதாகவும் கனமாகவும் உள்ள பூசணியே ஏற்றது. துண்டுகளை ஆவியில் வேகவைத்து, நீரை நன்கு வடித்து, மைய மசித்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் 2 தேக்கரண்டி வெண்ணெயை உருக்கி, மிதமான சூட்டில் அரைத் தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூள், கால் தேக்கரண்டி சுக்குத் தூள், 2 சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், மிகச் சிறிதளவு கிராம்புத் தூள் ஆகியவற்றை அரை நிமிடம் மட்டும் வதக்குங்கள். மசாலாக்களின் மணப்பொருள்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைவதால், இந்த அரை நிமிடத்திலேயே மணம் முழுமையாக வெளிப்பட்டுவிடும். கிராம்பு மட்டும் கை தவறினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பிறகு மசித்த பூசணி, 2 மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, கரண்டியால் கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாத பதம் வரும்வரை கிளறுங்கள். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால், இந்த விழுது சூடாக இருக்கும்போது சற்றுத் திகட்டும் அளவுக்கு இனிக்க வேண்டும். டின்னில் விற்கும் பூசணி விழுதையும் இப்படியே சுண்டவைக்கலாம். ஏற்கெனவே சர்க்கரையும் மசாலாவும் கலந்த வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

விழுதைக் குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவைப்பது கட்டாயம்; வெதுவெதுப்பாக இருந்தாலே ஐஸ்கிரீம் உருகிவிடும். அரை கப் விழுதையும் அரை கப் குளிர்ந்த, கொழுப்பு நீக்காத பாலையும் முதலில் மிக்ஸியில் அடித்து, அதன்பின் 2 கப் வெண்ணிலா ஐஸ்கிரீமைச் சேர்த்து, 15 முதல் 20 விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். ஐஸ்கட்டி வேண்டாம், அது உருகி, அடுப்பில் நீக்கிய நீரைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கெட்டித்தன்மை மிகுந்துவிட்டால் பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்ப்பதே பாதுகாப்பானது. அடித்த கிரீமை மேலே வைப்பது அவரவர் விருப்பம். என் கருத்தில் அது இந்த மில்க் ஷேக்குக்குச் சற்று அதிகப்படி, இலவங்கப்பட்டைத் தூளைத் தூவினாலே போதும்.

மிஞ்சிய விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், அடுத்த முறை அந்தக் கட்டிகளையே போட்டு அடிக்கலாம்; ஷேக் இன்னும் கெட்டியாக வரும்.